நீலம் ஏறாத சால்வை

துணிக்கடைக்காரருக்குக் கடைவீதியில் ‘தொட்டுச்சொல்லி’ என்று பெயர். கண்ணைக் கட்டிவிட்டு எந்தத் துணியைக் கொடுத்தாலும் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே ஒரு தேய்ப்புத் தேய்ப்பார். பருத்தி, லினன், கம்பளி என்று பட்டென்று சொல்லிவிடுவார். கலப்புத் துணியென்றால் எத்தனைக்கு எத்தனை கலப்பு என்பதும் தெரிந்துவிடும். அதை வாங்க வந்தவரிடம் சொல்வாரா என்பது வேறு கதை.

அந்த விரல்களுக்கு ஒரு சனிக்கிழமை சாயங்காலம் சோதனை வந்தது. தங்கை மகள் ஒரு பெரிய பையோடு வந்து, அதைக் கூடத்து மேஜைமேல் கவிழ்த்தாள். எல்லாம் அவள் அம்மாவின் துணிகள். அம்மா போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது.

“புதன்கிழமை வேலைல சேரணும் மாமா. ஓட்டல் வரவேற்புல. யூனிபார்ம் தைச்சு வர மூணு மாசம் ஆகுமாம். அதுவரைக்கும் சொந்தத் துணி போட்டுக்கலாம், ஆனா எல்லாம் கருநீலமா இருக்கணுமாம்.”

“கடைல கருநீலம் கட்டுக்கட்டா கிடக்கு. வேணுங்கறத எடுத்துக்கோ. எதுக்கு இந்தப் பாடு?”

“புதுசு வேண்டாம் மாமா. தெரியாத ஊருக்குத் தனியாப் போறேன். அம்மா துணின்னா அம்மாவும் கூட வர்ற மாதிரி இருக்கும். அத்தைதான் சாயம் போடுவாங்கல்ல.”

அத்தைக்கு அது தண்ணீர் பட்ட பாடு. கண்ணாடி அலமாரியில் வெயில் குடித்து வெளுத்த துணியெல்லாம் அவள் பின்கட்டில் ஒரு முழுக்குப் போட்டு எழுந்தால் புதுச் சரக்காகக் கடைக்குத் திரும்பும். அவள் மேஜைமேல் கிடந்ததைப் பிரித்து அடுக்கினாள்.

“இந்த ரெண்டு சட்டையும் பருத்தி. உப்பும் சோடாவும் போட்டா சமத்தாக் குடிக்கும். பாவாடை லினன், அதுக்கும் அதே அண்டாதான். ஸ்வெட்டர் கம்பளி. சோடா பட்டா நாசமாயிடும். அதுக்கு வேற பொடி, கொஞ்சம் வினிகர், மெல்லிசாத் தீ.” ஒரு சட்டையை உள்பக்கம் திருப்பிக் காட்டினாள். “இங்க பாரு, தைச்ச நூலு பாலியஸ்டர். சட்டை நீலமாயிடும், தையல் மட்டும் வெள்ளையாவே நிக்கும். எத்தனை நேரம் ஊற வெச்சாலும் சொன்ன பேச்சு கேக்காது. உங்க மாமா மாதிரி.”

பெண் சிரித்தாள். இரண்டு மாதத்தில் அவள் சிரித்து இவர்கள் பார்த்தது அப்போதுதான். பிறகு பையின் அடியிலிருந்து மல்துணி சுற்றிய ஒரு பொட்டலத்தை எடுத்தாள்.

“இதுதான் முக்கியம். மாமா அம்மா கல்யாணத்துக்குக் குடுத்த பட்டு சால்வை.”

“பட்டுக்கும் கம்பளிக்கும் ஒரே அண்டாதான். குடு,” என்று அத்தை கையை நீட்டினாள்.

“அதை நான் போடறேன்,” என்றார் தொட்டுச்சொல்லி.

பெண்சாதி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். “இந்த வீட்டு அடுப்பு எந்தப் பக்கம் இருக்குன்னு தெரியுமா உங்களுக்கு?”

“நான் குடுத்தது. நானே போடறேன். விடேன்.”

பொட்டலம் அவர் கைக்கு வந்தது. பிரிக்காமலே அவருக்குத் தெரியும், உள்ளே இருப்பது பட்டு இல்லை.

இருபத்தைந்து வருடத்துக்கு முன் தங்கைக்கென்று அவர் அசல் பட்டில், ரோஜா நிறத்தில் ஒரு சால்வை எடுத்து வைத்தது நிஜம். கல்லாவுக்குப் பின்னால், பேர் எழுதிய சீட்டு ஒட்டி வைத்திருந்தார். கல்யாணத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது ஒரு அம்மாள் வந்தாள். கடையையே புரட்டிப் போட்டும் எதுவும் பிடிக்காமல், கடைசியில் கல்லாவுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து அதுதான் வேண்டும் என்றாள். அது விற்பனைக்கில்லை என்றார். வியாபாரி வாயில் இந்த வார்த்தை வந்தால் விலை பேச ஆரம்பித்துவிட்டான் என்று அர்த்தம்; அந்த அம்மாளுக்கும் அது தெரிந்திருந்தது. அவள் விலையை ஏற்றினாள், இவர் முடியாதென்று தலையாட்டினார், இன்னும் ஏற்றினாள். மனசு வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே நாக்கு ‘சரி, உங்களுக்காக’ என்று முடித்துவிட்டது. மொத்தக் கடையில் இதே போல் இன்னொன்று வாங்கிவிடலாம் என்று நினைத்தார். கல்யாணத்தன்று காலைவரை சரக்கு வரவில்லை. அலமாரியில் அதே நிறத்தில், அதே பளபளப்பில் ஒரு பாலியஸ்டர் இருந்தது. பட்டுக்கென்று இருந்த பெட்டியில் அதை மடித்து வைத்தார்.

பிறகு மாற்றிக் கொடுத்துவிடலாம் என்றுதான் எண்ணம். ஆனால் தங்கை கல்யாணப் பந்தலிலேயே அதைத் தோளில் போட்டுக்கொண்டு, வந்தவர்களிடமெல்லாம் “எங்க அண்ணன் குடுத்த பட்டு” என்று காட்டினாள். அத்தனை பேர் பார்த்த பிறகு என்ன சொல்லி மாற்றுவது? அப்படியே விட்டார். வருடங்கள் மேலே விழுந்து மூடிவிட்டன.

அவருக்குப் பிள்ளை இல்லை. தங்கை போன பின் அவர் ரத்தத்தில் மிஞ்சியது இந்த ஒருத்திதான். படிப்பு, வேலை, வாடகை வீடு, எதுவானாலும் “மாமா சொன்னா சரி” என்பவள். நாளைக்கு அண்டாவிலிருந்து சால்வை ரோஜா நிறமாகவே எழுந்து வந்தால், மாமா சொன்னதில் இன்னும் எதெல்லாம் பொய் என்று அவள் யோசிக்கத் தொடங்குவாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை, கடைக்கு விடுமுறை. “கணக்குல ஒரு சந்தேகம்” என்று சொல்லிவிட்டுப் போய், ஷட்டரைப் பாதி தூக்கிக் குனிந்து நுழைந்தார். அசல் பட்டில், கிட்டத்தட்ட அதே ரோஜாவில் ஒன்று எடுத்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார். சொந்தக் கடையில் திருடிக்கொண்டு குனிந்து வெளியே வருவது அவருக்கே ஒரு மாதிரியாக இருந்தது. ஆனாலும் வழியெல்லாம் தனக்குத் தானே பேரம் பேசிக்கொண்டே வந்தார். ஏமாற்றவா செய்கிறேன்? மட்டத்தை எடுத்துக்கொண்டு உசத்தியைக் கொடுக்கிறேன். அன்றைக்குக் கொடுக்க வேண்டியது இன்றைக்குப் போய்ச் சேருகிறது. நீலத்தில் முக்கிவிட்டால் எது எதென்று யாருக்குத் தெரியும்?

வீட்டுக்கு வந்தபோது பின்கட்டில் சட்டைகள் கொடியில் சொட்டிக்கொண்டிருந்தன. இரண்டாவது அண்டாவில் ஸ்வெட்டர் கிடந்தது. பெண் குச்சியால் கிண்ட, அத்தை, “மெதுவாடி, களியா கிண்டற, அடிச்சுக் கிண்டினா ஸ்வெட்டர் பொம்மைக்குத்தான் ஆகும்,” என்று அதட்டிக்கொண்டிருந்தாள்.

அவர் அறைக்குள் போய்த் தாழ் போட்டார். கட்டிலில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து, மடிப்பும் ஓரமும் ஒத்துப்போகிறதா என்று விரலை ஓட்டினார். பழைய சால்வையின் உள்ளோரத்தில், மூலையில், விரலில் ஏதோ உறுத்தியது. கடுகில் பாதி இருக்கும். கறுப்பாக, கெட்டியாக ஒரு மணி.

கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார்.

துணிக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்காமலே தெரிந்த சோதனை அது. ஓரத்தில் ஒரு நூலை இழுத்து நெருப்பைக் காட்ட வேண்டும். பட்டென்றால் முடி கருகும் நாற்றம் வரும், சாம்பல் நசுக்கினால் பொடியாகும். பாலியஸ்டர் உருகி, சுருண்டு, இப்படி மணியாக நிற்கும். அவரும் தங்கையும் ஒரே கடையில், ஒரே துணிக்கட்டுகளின் மேல் தவழ்ந்தவர்கள். கண்ணைக் கட்டிக்கொண்டு துணி சொல்லும் விளையாட்டில் பத்துக்கு ஏழு தடவை அவள்தான் ஜெயிப்பாள். பிறகு அவள் பள்ளிக்கூடத்தில் டீச்சராகிவிட்டாள்; கடையும் பட்டப்பெயரும் இவருக்கு வந்தன. தங்கை விரலுக்கும் தெரியும் என்பதை எப்படியோ மறந்துபோனார். ஊரையெல்லாம் எடை போட்டவர், கூடவே வளர்ந்தவளை மட்டும் வாங்க வந்தவளாக நினைத்துவிட்டார்.

எப்போது கொளுத்திப் பார்த்தாள்? கல்யாணத்தன்று ராத்திரியா, பத்து வருடம் கழித்தா? அதற்குப் பிறகு எத்தனை முறை இவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே “அண்ணன் குடுத்த பட்டு” என்று சொல்லியிருப்பாள்? சால்வையை அவள் யாரையும் தொட விடாமல் வைத்திருந்தது பெருமையில் என்றல்லவா நினைத்திருந்தார்.

பேரம் பேசிக்கொண்டிருந்த மனசு வாயை மூடிக்கொண்டது. கடையிலிருந்து கொண்டுவந்ததை மடித்து பீரோவில் வைத்தார். பழையதை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனார்.

ஸ்வெட்டர் வெளியே வந்திருந்தது, நல்ல கருநீலம். சால்வையைத் தண்ணீரில் நனைத்து அண்டாவில் இறக்கினார். அத்தை அவர் முகத்தைப் பார்த்துவிட்டுக் குச்சியைக் கொடுத்தாள். அரை மணி நேரம் போனது. தூக்கிப் பார்த்தபோது நீலத் தண்ணீர் வழிந்து ஓடியது. சால்வை சற்றே அழுக்குப் பட்டாற்போல், ரோஜாவாகவே இருந்தது.

“வினிகர் பத்தலையோ?” என்றாள் அத்தை. சொல்லும்போதே அவளுக்குப் புரிந்துவிட்டது. அவள் குரல் இறங்கியது. “ஏங்க.”

“பாலியஸ்டர்,” என்றார். பிறகு பெண்ணைப் பார்த்து, அந்த அம்மாள் வந்ததிலிருந்து பெட்டியில் மடித்து வைத்ததுவரை சொன்னார். கறுப்பு மணியை விரலால் தேடிக் காட்டினார். “உங்கம்மாவுக்குத் தெரியும். கொளுத்திப் பாத்திருக்கா. எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல.”

பெண் அந்த மணியை நகத்தால் தடவினாள். கோபித்துக்கொள்வாள், கத்துவாள் என்று அவர் காத்திருந்தார். அவள் மெல்லிய குரலில்தான் பேசினாள்.

“ஆஸ்பத்திரில, கடைசி வாரம், அம்மா குளிருதுன்னாங்க மாமா. நான் இதைத்தான் போத்தினேன். பட்டு கதகதப்பா இருக்கும்னு. கொஞ்ச நேரம் கழிச்சு, ‘வேற ஏதாவது இருந்தா குடேன்’னாங்க. நான் திட்டினேன். ‘மாமா குடுத்த பட்டும்மா, இதைவிடவா அந்த ஆஸ்பத்திரிக் கம்பளி’ன்னேன்.”

“என்ன சொன்னா?”

“‘சரிம்மா, இதுவே போதும்’னாங்க.”

அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தொட்டுச்சொல்லி கையிலிருந்த குச்சியால் வெறும் நீலத் தண்ணீரைக் கிண்டினார்.

பெண் அவர் கையிலிருந்து குச்சியை வாங்கி, சால்வையை மறுபடி அண்டாவுக்குள் அழுத்தினாள்.

“இன்னும் கொஞ்ச நேரம் கிடக்கட்டும் மாமா. பிடிக்குதான்னு பாக்கலாம்.”

பிடிக்காது என்று அங்கே இருந்த மூன்று பேருக்கும் தெரியும். அவர் குனிந்து அடுப்பைச் சற்றுக் கூட்டி வைத்தார்.