உறையைப் போட்டியா?

காலையில் கண் விழித்ததும் என் வாயிலிருந்து வரும் முதல் வார்த்தை "உறையைப் போட்டியா?" என்பதுதான். பல் தேய்ப்பதும் காபி போடுவதும் அதற்கப்புறம். பதில் வராது. போர்வைக்குள்ளிருந்து ஒரு முனகல் வரும். அந்த முனகலுக்கு ஆமாம் என்று அர்த்தமா, இல்லை என்று அர்த்தமா என்று என் மகளுக்குத்தான் வெளிச்சம்.

அவளுக்குப் பதினைந்து வயதில் பல்லுக்குக் கம்பி கட்டினோம். மேல் வரிசையில் ஒரு கோரைப்பல் இடம் கிடைக்காமல் மற்ற பற்களின் தலைமேல் ஏறி நின்றுகொண்டிருந்தது. பள்ளிக்கூடப் படங்களில் எல்லாம் வாயை இறுக மூடிக்கொண்டு, அப்போதுதான் யாரிடமோ திட்டு வாங்கிவிட்டு வந்தவள் மாதிரி நிற்பாள். சிரிப்பு வந்தால் கை தானாகவே வாய்க்குப் போகும். கம்பி இறுக்கிய ஒவ்வொரு முறையும் கஞ்சியும் கண்ணீருமாக நாட்களை ஓட்டினாள். கழற்றிய அன்று கண்ணாடி முன்னால் நின்று இளித்தாள் பாருங்கள், நான் அடுக்களையில் வேலை இருப்பது போல் உள்ளே போய் மூக்கைச் சிந்திவிட்டு வந்தேன்.

"பல்லுக்கு ஞாபகம் ஜாஸ்தி. பழைய இடத்துக்கே போகப் பார்க்கும்" என்று சொல்லி டாக்டர் ஒரு உறையைக் கொடுத்தார். ரீட்டெய்னர் என்று பெயர். பல் வரிசையின் அச்சிலேயே வார்த்த, கண்ணாடி போன்ற மெல்லிய பிளாஸ்டிக். சாப்பிடும்போது கழற்ற வேண்டும், மற்ற நேரமெல்லாம் வாயில் இருக்க வேண்டும். இவ்வளவுதான் வேலை. மலையைப் புரட்டச் சொல்லவில்லை.

ஆனால் அந்த உறை வாயைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் இருந்தது. கைகழுவும் தொட்டியின் விளிம்பில் இருந்தது. போன் சார்ஜர் பக்கத்தில் இருந்தது. ஒரு நாள் சோபாவில் உட்கார்ந்தபோது எனக்குக் கீழே இருந்தது. கல்லூரி கேன்டீனில் காகிதக் கைக்குட்டையில் சுற்றி வைத்துவிட்டு, சாப்பிட்ட தட்டோடு குப்பையில் கொட்டிவிட்டு, பிறகு தோழிகளோடு சேர்ந்து குப்பைத் தொட்டியைக் கிளறி எடுத்து வந்தாள். அதைச் சிரித்துக்கொண்டே வேறு சொன்னாள்.

எனக்குக் குடிநீர் வாரியத்தில் புகார்த் தொலைபேசி எடுக்கும் வேலை. தண்ணீர் வரவில்லை, வந்தால் கலங்கல், குழாய் உடைந்துவிட்டது என்று நாள் முழுக்க ஊரார் கத்துவதற்கெல்லாம் "ஆகட்டும் சார், சொல்லிடறேன் சார்" என்று தேனொழுகப் பேச வேண்டும். என் பங்கை நான் வீட்டுக்கு வந்துதான் கத்த முடியும். கத்துகிறேன், இல்லையென்று சொல்லவில்லை. கத்துவதற்கு இந்த வீட்டில் பஞ்சமும் இல்லை.

மகள் ஒரு பக்கம் என்றால் அவள் அப்பா இன்னொரு பக்கம். மருத்துவமனையில் அறுவைக் கருவிகளைக் கழுவி, பச்சைத் துணியில் மூட்டை கட்டி, நீராவி இயந்திரத்தில் வேகவைத்து அனுப்பும் பிரிவில் காலமெல்லாம் இருந்தவர். போன வருஷம் கருவித் தட்டு ஒன்றைத் தூக்கும்போது முதுகில் டிஸ்க் விலகிவிட்டது. இனிமேல் கனம் தூக்கக் கூடாது என்று சொல்லி, நோயாளியைப் பார்க்க வருகிறவர்களுக்குச் சீட்டுக் கிழித்துக் கொடுக்கும் ஜன்னலில் உட்கார வைத்துவிட்டார்கள். அன்றைக்கு அடங்கிய பேச்சுதான். எது கேட்டாலும் "ம்". இன்னும் கொஞ்சம் வற்புறுத்தினால் "சரி".

ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் மனிதருக்கு உயிர் வரும். இருக்கிறதிலேயே பெரிய பாத்திரத்தில் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவிடுவார். பிரிவை விட்டு வரும்போது கூட வேலை செய்தவர்கள் கொடுத்த நீளமான இடுக்கியை எடுத்துக்கொள்வார். கரண்டி, டம்ளர், நகவெட்டி, கத்தி என்று கையில் அகப்பட்டதெல்லாம் முங்கி எழும். எனக்கு அடுப்பு கிடைக்காது. சமையல் தள்ளிப்போகும். கத்துவேன். "சூடு பண்ணினா போதாது. கொதிக்கணும்" என்பார். அந்த வாரம் முழுவதிலும் அவர் பேசும் நீளமான பேச்சு அதுதான் என்பதால் நானும் முணுமுணுத்துக்கொண்டு முன்னறைக்குப் போய்விடுவேன்.

இதற்கிடையில் மகள் புதுப் பாட்டு பாட ஆரம்பித்தாள். "போட்டா வலிக்குதும்மா."

"போடாம இருந்தாத்தான்டி வலிக்கும். டாக்டர் என்ன சொன்னார்? ரெண்டு நாள் போடாம விட்டுட்டுப் போட்டா இறுக்கிப் பிடிக்கும்னு சொன்னாரா இல்லையா?"

"இல்லம்மா, இது வேற மாதிரி வலி."

"எல்லாம் சோம்பேறித்தன வலிதான். அழுத்திப் போடு."

தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவாள். முன்பெல்லாம் ஒன்றுக்கு நான்கு பதில் சொல்கிறவள் இப்போது வாயே திறப்பதில்லை. அதுவும் எனக்கு எரிச்சலாக இருந்தது. சண்டைக்கு ஆள் வேண்டாமா?

பிறகு ஒரு நாள் தோழி ஏதோ அனுப்பியதைப் பார்த்து அவள் சிரித்தபோது கவனித்தேன். கை வாய்க்குப் போனது. விளக்கைப் போட்டு, முகவாயைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தேன். கோரைப்பல் தோளைத் திருப்பிக்கொண்டு நின்றது. பக்கத்துப் பல் அதற்கு வழிவிட ஆரம்பித்திருந்தது.

மறுநாளே மூன்று பேரும் பல் டாக்டரிடம் போனோம். வெளியறை சோபா தாழ்வாக இருந்தது. முதுகுக்கு ஆகாது என்று இவர் படிக்கட்டு ஜன்னலோரம் நின்றுகொண்டார். நானும் மகளும் உள்ளே போனோம்.

டாக்டர் உறையை அவள் பல்லில் மாட்டிப் பார்த்தார். ஒரு பக்கத்தை அழுத்தினால் மறுபக்கம் எழுந்துகொண்டது. கழற்றி விளக்கில் பிடித்துப் பார்த்தார்.

"இது சுருங்கிப்போயிருக்கு. சுடுதண்ணில போட்டீங்களா?"

"இல்ல டாக்டர்" என்றாள் மகள், கேள்வி முடிவதற்குள். "கார்ல வெச்சு மறந்துட்டேன். நல்ல வெயில்."

"எந்தக் கார்?" என்றேன் நான். எங்கள் வீட்டில் சைக்கிள்கூடக் கிடையாது.

"ஃப்ரெண்டோட கார்."

"எந்த ஃப்ரெண்டு? யார் அந்தக் கார் வெச்சிருக்கிற ஃப்ரெண்டு? எங்க போனீங்க?"

"அம்மா, அதையெல்லாம் வீட்ல போய்ப் பேசிக்கலாமே" என்றார் டாக்டர். "பல்லு திரும்ப ஆரம்பிச்சிடுச்சு. இப்ப அளவு எடுத்துப் புதுசு போட்டா இதோட நிறுத்திடலாம், கொஞ்சம் நேர்கூட ஆகும். ஆனா அதையும் இப்படிக் கெடுத்தா மறுபடி முதல்லேருந்து கம்பிதான்."

மறுபடி கம்பி. அத்தனை கஞ்சியும் அத்தனை கண்ணீரும் மறுபடி. எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. டாக்டர் குழைத்த பசையைப் பல் அச்சுத் தட்டில் நிரப்பி, மகளின் வாயில் அழுத்திவிட்டு, "இறுகற வரைக்கும் அசையாதே, பேசாதே" என்று சொல்லிப் பக்கத்து நாற்காலி நோயாளியிடம் போனார். கெட்டுப்போன உறை என் கையில் இருந்தது.

சும்மா இருக்க முடியாமல் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கடைவாய்ப் பக்கம் இரண்டு ஓரத்திலும் சின்னச் சின்ன வரிகள், சீப்பால் அழுத்தியது போல் ஒரே சீராகப் பதிந்திருந்தன. வெயிலுக்கு இப்படி வரி போடத் தெரியாது. இளகிக் கிடந்த பிளாஸ்டிக்கை எதாலோ கவ்வித் தூக்கியிருக்கிறார்கள். எங்கள் வீட்டில் கையால் எடுக்க வேண்டியதையும் இடுக்கியால் எடுக்கிற ஆள் ஒருவர்தான்.

மகளைப் பார்த்தேன். நான் கண்டுகொண்டேன் என்று அவளுக்கும் புரிந்துவிட்டது. வாய் நிறையப் பசை, பேச முடியாது. என் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டு, கண்ணை உருட்டி உருட்டி, வேண்டாம் வேண்டாம் என்றாள். முகவாயில் எச்சில் வழிந்தது. அந்தக் கோலத்தில் அவள் கெஞ்சியதைப் பார்த்து எனக்குச் சிரிப்பும் வந்தது, ஓங்கி ஒன்று வைக்கலாமா என்றும் வந்தது.

அவள் வாயைக் கொப்பளிக்கப் போனபோது தொட்டியடியில் மடக்கினேன்.

"எப்போலேருந்துடி?"

"ரெண்டு மாசமா."

"அப்போ கார்?"

"காரும் இல்ல, ஒண்ணும் இல்ல."

"சொல்றதுக்கென்ன? வாய்ல என்ன, கொழுக்கட்டையா?"

"முதல் தடவை கொதிக்க வெச்ச அன்னிக்கு அப்பா எவ்வளவு சந்தோஷமா கொண்டுவந்து கொடுத்தார் தெரியுமா? துணியில மடிச்சு, மேல டேப் ஒட்டி, 'இனிமே இதுல ஒரு கிருமி இருக்காது'ன்னார். முதுகு போனதுக்கப்புறம் அவரா என் ரூமுக்கு வந்து பேசினது அன்னிக்குத்தாம்மா. அப்புறம் ஒளிச்சு வெச்சேன். ஞாயித்துக்கிழமையானா தேடி எடுத்துடறார்."

"அதுக்காகப் பல்லைக் கொடுப்பியா?"

"பல்லுதானேம்மா."

பல்லுதானே! இரண்டு மாதமாக நான் தொண்டை கிழியக் கத்தியதை எல்லாம் வாங்கிக்கொண்டு, வலியையும் வாங்கிக்கொண்டு, பல்லுதானே என்கிறாள். பிள்ளையா இது?

"நீ சொல்லிடாத. புதுசை நான் பத்திரமா காலேஜ் லாக்கர்ல வெச்சுக்கறேன்" என்று பின்னாலேயே ஓடி வந்தாள். ராத்திரியும் போட வேண்டிய உறை கல்லூரி லாக்கரில் இருந்து என்ன பிரயோஜனம்? நான் நிற்கவில்லை. நேரே படிக்கட்டுக்குப் போய் உறையை அவர் கையில் வைத்தேன்.

"நீங்க கொதிக்க வெச்சதுல இது சுருங்கிப்போச்சு. பல்லு திரும்பிக்கிச்சு."

"அம்மா!" என்றாள் மகள்.

அவர் உறையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். கத்தரிக்கோலின் முனையைச் சோதிப்பது போல் விளிம்பை விரல் நுனியால் தடவிப் பார்த்தார். இடுக்கி பதிந்த வரிகளில் விரல் நின்றது. எனக்கே மனது கேட்கவில்லை. வேறு விதமாகச் சொல்லியிருக்கலாம் என்று நினைப்பதற்குள் அவர் கேட்டார்.

"வேற என்னென்ன கெட்டுப்போச்சு?"

நாங்கள் இருவரும் விழித்தோம்.

"மெஷின்ல ஏத்தின ஒரு ஈடு சரியில்லன்னா அதுல போன அத்தனையையும் திரும்ப வரவழைச்சுப் பார்க்கணும். அதுதான் எங்க முறை. சொல்லுங்க. வேற என்ன?"

மகள் என்னைப் பார்த்தாள். ஊருக்கே கேட்கிற தொண்டையை அந்த நேரம் தணித்துக்கொண்டேன்.

"என் சீப்பு" என்றேன். "சாப்பாட்டு டப்பா மூடி. அரிசி அளக்கற கப்பு. புதுசு வாங்கி அதே இடத்துல வெச்சுட்டேன்."

"நீயுமா?" என்றாள் மகள்.

அப்போதுதான் அவர் கத்தினார். என் வீட்டில் நான் அல்லாத ஒருவர் கத்தி எத்தனை காலமாயிற்று!

"என்னன்னு நினைச்சீங்க ரெண்டு பேரும் என்னை? முதுகுதான் போச்சு. மூளையும் போச்சுன்னு முடிவே கட்டிட்டீங்களா? அங்க ஒரு கத்தி துருப்பிடிச்சிருந்தாக்கூட மூஞ்சிக்கு நேரா வந்து கேட்பாங்க, 'என்னய்யா வேலை பார்க்கறே'ன்னு. வேலை தெரிஞ்சவன்கிட்டத்தான் அப்படிக் கேட்பாங்க. ஒண்ணுத்துக்கும் ஆகாதவன்கிட்டதான் மறைப்பாங்க. சீப்பு உருகினதைச் சொல்லக்கூட நான் தாங்க மாட்டேனா?"

வெளியறையில் உட்கார்ந்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவர் கவலைப்படவில்லை. மகளின் பக்கம் திரும்பினார்.

"வாயைத் திற."

திறந்தாள். குனிய முடியாத முதுகோடு கொஞ்சம் குனிந்து, அந்தக் கோரைப்பல்லைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"வலிச்சுதா?"

"ம்."

"சொல்லியிருக்கலாம்ல, கண்ணு."

அவள் தேம்பித் தேம்பி அழுதாள். பசை ஒட்டிய முகவாயை அவர் தன் கைக்குட்டையால் துடைத்துவிட்டார். பிறகு எங்களை அங்கேயே விட்டுவிட்டு உள்ளே போனார். கண்ணாடிக் கதவு வழியாகத் தெரிந்தது. வரவேற்பில் இருந்த பெண்ணைக் கேட்டார், அவளுக்குத் தெரியவில்லை. டாக்டரையே வெளியே வரவழைத்துக் கேட்டார். கையை ஆட்டி ஆட்டி, உறையைக் காட்டிக் காட்டி, மடக்கி மடக்கிக் கேட்டார். வரிசையில் இருந்தவர்கள் நெளிந்தார்கள். ஒரு வருஷத்துப் பேச்சை அந்த டாக்டரிடம் பேசித் தீர்த்துவிட்டுத்தான் திரும்பினார்.

"பச்சைத் தண்ணி, மெத்துன்னு ஒரு பிரஷ். அவ்வளவுதான். பேஸ்ட்கூடப் போடக் கூடாது, கீறிடும்" என்றார் மகளிடம். "தினமும் என் கண்ணு முன்னால கழுவணும்."

"சரிப்பா."

படியில் கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொன்றாக இறங்கினார். பாதியில் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"வியாழக்கிழமை புதுசு வருது. நான் லீவு போட்டு இவளைக் கூட்டிட்டு வரேன். நீ வர வேண்டாம். நீ வந்தா உள்ள ஒரே சத்தமாம், டாக்டர் சொல்றாங்க."

எனக்குச் சொல்ல எவ்வளவோ இருந்தது. வாயைத் திறந்தால் அந்தப் படிக்கட்டிலேயே அழுதுவிடுவேன் போலிருந்தது.