டஸ்டர் திரும்பும் இடம்

...முப்பத்தாறு அடி என்றால் முப்பத்தாறு அடிதான், பஸ் என்ன ரப்பரா, ஊர் கூடிக் கெஞ்சினால் சுருங்கிக்கொள்ள, இதைச் சொன்னதும் டீச்சர் சிரித்துக்கொண்டே கரும்பலகை டஸ்டரை என் கையில் கொடுத்துவிட்டார், இதுதான் உங்கள் பஸ், ஓட்டிக் காட்டுங்கள் என்று. இருபத்தோரு வருஷம் கியர் போட்ட கை, இப்போது பள்ளிக்கூடத் தரையில் மண்டி போட்டு டஸ்டரைத் தள்ளிக்கொண்டிருக்கிறது, என் வீட்டுக்காரி பார்த்தால் ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவாள். தரை முழுக்க சாக்பீஸில் ஊர். தெரு, கிணறு, பால் கொட்டகை, கடை, தெருமுனை வாய்க்கால், ஒரு வாசல் விடாமல் கயிறு பிடித்து மூன்று நாள் அளந்தார்களாம், டஸ்டர் அரை அடி, பஸ் முப்பத்தாறு அடி, அந்தக் கணக்கில் ஊரையே சுருக்கி இந்த வகுப்பறைக்குள் கொண்டுவந்துவிட்டார்கள்... எங்கள் டிப்போவில் மேஜை போட்டு உட்கார்ந்திருக்கிறார்களே, அவர்களில் ஒருத்தராவது ஒரு கயிற்றைப் பிடித்திருப்பாரா? நான் மட்டும் என்ன, பதினோரு வருஷமாக இந்தத் தெருவுக்குள் வருகிறேன், மேலிருந்து பார்த்தால் இது இவ்வளவு அழகாக வளைந்திருக்கும் என்று எனக்குத் தெரியுமா?

மணி மூன்று இருபது. நாலுக்கு வண்டியை எடுக்க வேண்டும், இந்த ஊரின் அடுத்த பத்து வருஷத் திட்டமும் அதே வண்டியில்தான் டவுன் ஆபீசுக்குப் போக வேண்டும், கொடுக்க இன்றுதான் கடைசி நாளாம். டிப்போ ஊருக்குக் கடிதம் போட்டிருக்கிறது, திட்டத்தில் பஸ் திரும்ப இடம் காட்டினால் பஸ் உண்டு, இல்லையென்றால் ஒன்றாம் தேதியிலிருந்து பிரிவு ரோட்டோடு சரி, அங்கிருந்து இரண்டு மைல் நடை. தைத்த துணி மூட்டையோடு டெய்லர் அக்கா நடப்பாள், வாரம் மூன்று நாள் ஆஸ்பத்திரிக்குப் போகிற பால்காரரின் மாமனாரால் நடக்கவே முடியாது. எல்லாம் எதனால்? டிப்போ தானாகக் கண்டுபிடித்ததா என்ன... நான்தான். நாலு மாதம் முன்னால் தெருமுனையிலிருந்து கிணறு வரைக்கும் ரிவர்ஸிலேயே வரும்போது கடைச் சுவரில் பின்பக்கம் உரசியது, கடைக்காரர் கத்தினார், நானும் கத்தினேன், அந்தச் சூட்டோடு டிப்போவுக்குப் போய் எழுதிக் கொடுத்தேன், ஊருக்குள் வண்டி திரும்ப வசதி இல்லை, பின்னால் பார்த்தே ஓட்டிக் கழுத்து போய்விட்டது என்று. அதோடு நிறுத்தியிருக்கலாம். கடைசியில் ஒரு வரி சேர்த்தேன், ‘இவ்வூர் மக்களுக்கு இதில் எந்த அக்கறையும் இல்லை.’ அக்கறை இல்லாதவர்களைப் பார், ஐம்பது பேர், சாக்பீஸ் கோட்டை மிதித்துவிடக் கூடாதென்று சுவரோரமாக ஒடுங்கி உட்கார்ந்திருக்கிறார்கள்.

இவர்கள் பேசுகிற முறை இருக்கிறதே, அதை நான் எங்கும் பார்த்ததில்லை. யாரும் தன் வீட்டுக்காகப் பேசக்கூடாது, அடுத்த வீட்டுக்காகத்தான் பேச வேண்டும், டீச்சர் வைத்த சட்டம் அது. பால்காரர் எழுந்து பக்கத்து வீட்டுப் பாட்டியாருக்குத் தெருக்குழாய் இருபதடி கிட்டே வரவேண்டும் என்கிறார், அந்த வீட்டிலிருந்து ஒருத்தர் எழுந்து அடுத்த வீட்டுப் பிள்ளைகள் உட்கார்ந்து படிக்க ஒரு அறை கேட்கிறார், தனக்கென்று கேட்டால் எட்டூருக்குக் கேட்கும்படி கத்துகிறவர்கள்கூட அடுத்தவருக்குக் கேட்கும்போது யோசித்துப் பேசுகிறார்கள், சரியாகச் சொல்கிறோமா என்று அந்த வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்துக்கொள்கிறார்கள். எங்கள் தெருவில் இப்படி வைத்தால்? நான் யாருக்கு என்ன கேட்பேன்? எதிர்வீட்டுக்காரர் என்ன வேலை பார்க்கிறார் என்றே எனக்குத் தெரியாது.

டஸ்டரைக் கிணற்றிலிருந்து முனை வரை ஓட்டினேன். கடைக்கும் டெய்லர் அக்கா வீட்டுக்கும் நடுவில் ஒரு சந்து, அங்கே பின்பக்கத்தை விட்டு எடுத்தால் திரும்பிவிடலாம், ஆனால் அக்காவின் தையல் ஷெட் அங்கேதான் நிற்கிறது. விட்டுப் பார்த்தேன், டஸ்டர் கடை மூலையில் போய் இடித்தது, நிஜத்தில் இடித்த அதே மூலை, சுவரோரமாக ஒரே சிரிப்பு. அக்கா எழுந்து வந்தாள், குனிந்து தன் ஷெட்டை உள்ளங்கையால் அழித்தாள். உடனே கடைக்காரர் வந்து, சாக்பீஸ் வாங்கி, அதே இடத்தில் ஷெட்டைத் திரும்ப வரைந்தார். அவள் மறுபடி அழித்தாள், அவர் மறுபடி வரைந்தார். ஆறு வருஷமாக இந்த இரண்டு பேருக்கும் முகம் பார்த்துப் பேச்சு கிடையாது, பஸ்ஸில்கூட ஒருவர் முன்பக்கம் ஏறினால் மற்றவர் பின்பக்கம், கண்ணாடியில் பார்த்துப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். கடைக்காரர் டீச்சரைப் பார்த்துத்தான் சொன்னார், அக்காவைப் பார்க்கவில்லை.

“பக்கத்து வீட்டுக்கு நான்தானே பேசணும்? அந்த ஷெட்டுலதான் அந்த வீட்டுச் சோறு வருது. அது இருக்கட்டும். என் கடை மூலைய இடிச்சுக்குங்க.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என்னையா? மூலையை நாலடி குறைத்து வரைந்து டஸ்டரை விட்டேன், போகவில்லை. மூலையைப் பழையபடி வரைந்து ஷெட்டை மட்டும் அழித்துப் பார்த்தேன், மயிரிழையில் உரசியது. பொய் சொல்லிவிடலாமா, ஏதோ ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்கச் சொல்லி... நாளைக்கு உரசப்போவது டஸ்டர் இல்லையே. இரண்டும் போக வேண்டும் என்றேன். கடைக்காரர் சாக்பீஸை அக்கா பக்கமாகத் தரையில் உருட்டிவிட்டார். அவள் அதை எடுத்து ஷெட்டை வீட்டுக்குப் பின்னால் வரைந்தாள். இந்த ஊரை நான் என்னவென்று எழுதிக்கொடுத்தேன்?

அடுத்தது அக்காவின் முறை. அவள் வீடுதான் கடைசி, அந்தப் பக்கம் வாய்க்கால், யாருக்குப் பேசுவாள் என்று பார்த்தால், எனக்கு அந்தப் பக்கம் நிற்கிறது பஸ்தான், டிரைவருக்குப் பேசுகிறேன் என்றாள். டீச்சரிடமிருந்து திட்ட ஃபைலை வாங்கி முதல் தாளைத் திருப்பினாள். என் கையெழுத்து. டிப்போ கடிதத்தோடு நகல் வைத்து அனுப்பியிருக்கிறார்கள், பாவிகள், என் கிறுக்கல், என் பெயர், அடியில் அந்த வரி.

“டிரைவரண்ணன்தான் முதல்ல கேட்டிருக்காரு. நாலு மாசம் முன்னாடியே. நாமதான் கேக்கல. அதனால இதுதான் முதல் மனு, முதல் தாளா இருக்கட்டும்.”

கோபம் தெரிகிறதா என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன், பால்காரர் தலையாட்டினார், அவ்வளவுதான். கடிதம் வந்து ஒரு மாதமாகிறதாம். ஒரு மாதமாக இவர்கள் எல்லாம் தெரிந்துதான் என் வண்டியில் ஏறினார்களா, தெரிந்துதான் வணக்கம் சொன்னார்களா... ஒருத்தராவது நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டிருந்தால் நானும் திருப்பிக் கேட்டுவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். நீங்கள் யாருக்குப் பேசுவீர்கள் என்று டீச்சர் என்னிடம் கேட்டார். எனக்கு ஒரு பக்கம் வாய்க்கால், இன்னொரு பக்கம் அக்கா. அவளுக்கு என்ன வேண்டும்? கண்ணாடியில் எத்தனை நாள் பார்த்திருக்கிறேன், ஷெட்டில் உட்கார்ந்து ஊசியில் நூல் கோக்கும்போது மட்டும் தெருப்பக்கம் திரும்புவாள், வெளிச்சத்துக்கு.

“ஷெட்டு பின்னால போனா இருட்டாயிடும். மேற்குப் பக்கம் பெரிசா ஒரு ஜன்னல் வெக்கணும்.”

டீச்சர் எழுதிக்கொண்டார். கடைக்காரர் சாக்பீஸை எடுத்து, பின்னால் போன ஷெட்டில் மேற்கே ஒரு கட்டம் போட்டார். என்னையும் கையெழுத்துப் போடச் சொன்னார்கள், முதல் தாளிலேயே, பேனா கையில் இருக்கிறது, அந்த வரி கண்ணெதிரே இருக்கிறது, யாரும் அதைக் கோடு போட்டு அடிக்கவில்லை. நான் அடிக்கட்டும் என்று விட்டார்களா? அடித்தால் இப்போது என்ன ஆகிவிடும், அடிக்காமல் அனுப்பினால் என்ன ஆகும்... மணி நாலாகிவிட்டது, வெளியே கண்டக்டர் விசில் ஊதுகிறான். கையெழுத்தை மட்டும் போட்டேன், ஃபைலை அக்குளில் வைத்துக்கொண்டு வண்டிக்கு ஓடினேன், ஏறி உட்கார்ந்து பழக்கத்தில் தலையைப் பின்னால் சாய்த்தேன், மெத்தென்று இருந்தது. இந்தக் கழுத்துத் தலையணை அக்கா தைத்துக் கொடுத்தது, வெட்டுத்துணி மிச்சம் இருந்தது என்று சொல்லித்தான் கொடுத்தாள், எனக்குக் கழுத்துவலி என்று இவளுக்கு யார் சொன்னது என்றுகூட நான் அன்றைக்கு யோசிக்கவில்லை... எப்போது கொடுத்தாள்? போன மாதம். போன மாதம் எந்தத் தேதி, அந்தக் கடிதம் வந்த பிறகா?