மாமனாரின் இங்கிலீஷ்

கல்யாணமாகி டவுன்ஷிப் குவார்ட்டர்ஸுக்கு வந்த முதல் வாரமே மாமனார் திருநாவுக்கரசு சொல்லிவிட்டார்: "ப்ரூவ் யுவர் மெட்டில், அம்மா." செங்கல்பட்டில் காலேஜ் படித்தவள்தான் என்றாலும் தேவிப்பிரியாவுக்கு அது பிடிபடவில்லை. கணவன் ஷ்யாமிடம் கேட்டாள். ஆபீஸில் புதிதாகச் சேருகிறவர்களிடம் அப்பா வழக்கமாகச் சொல்வதுதான், நீ எப்படிப்பட்டவள் என்று செய்கையில் காட்டு என்று அர்த்தம் என்றான் அவன். சிரிக்கவும் செய்தான்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. சதுரங்கப்பட்டினத்து மீன்காரர் மகள், சைவக் குடும்பத்துப் பையனைக் காதலித்துக் கைப்பிடித்தவள். எதைக் காட்டச் சொல்கிறார் என்று அவளுக்கா தெரியாது?

தடைக்காலம் முடிந்து படகு கடலில் இறங்கியதும், முதல் நாள் கிடைத்த நல்ல மீனைக் கட்டிக்கொடுத்த பெண்ணுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது அவர்கள் குப்பத்து வழக்கம். அந்த வருஷம் அப்பா காத்தவராயன் ஒரு வஞ்சிரத்தை வாழையிலையில் சுற்றி எடுத்து வந்தார். சைவ வீடு என்பது அவருக்குத் தெரியாததில்லை. வாசலில் மகள் கையில் கொடுத்தால் முறை தீர்ந்தது. பிறகு அவள் யாருக்குக் கொடுத்தாலும் சரி. தேவிப்பிரியா கேட்டைத் திறக்கவில்லை. ஜன்னலில் மாமியார் நின்றிருந்தாள்.

"இனிமே இங்க வராத நைனா. வாசன வருது."

மீனைச் சொன்னாளா, தன்னைச் சொன்னாளா என்று அவர் கேட்கவில்லை. தலையாட்டிவிட்டுத் திரும்பி நடந்தார்.

அதற்குப் பிறகு அவள் காட்டோ காட்டென்று காட்டினாள். அம்மன் திருவிழாவுக்குக்கூடக் குப்பத்துப் பக்கம் போகவில்லை. மாமியார் ஜெகதாம்பாள் பக்கவாதத்தில் விழுந்தபோது பெற்ற மகளைப்போல் பார்த்துக்கொண்டாள். ஒரு பொங்கலன்று, உறவுக்காரர்கள் நிறைந்த கூடத்தில், மருமகள் தன் மெட்டிலை நிரூபித்துவிட்டாள் என்றார் மாமனார். அப்பாவை ஒரு நாள் சாப்பிட வரச் சொல்லும்மா என்றும் சொன்னார்.

மறுநாளே சதுரங்கப்பட்டினத்துக்கு ஓடினாள். அப்பா இளைத்திருந்தார். அழைப்பைக் கேட்டுக்கொண்டார். சாப்பிட்டுப் போகச் சொன்னார். அடுப்பில் மீன் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அவள் தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படியில் உட்காரப் போனாள். அண்ணி பூவாயி பரணிலிருந்து ஒரு எவர்சில்வர் பாத்திரத்தை இறக்கினாள். கடைக்காரன் சுற்றிக் கொடுத்த பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காதது.

"அது இன்னாத்துக்கு அண்ணி?"

அப்பாதான் பதில் சொன்னார். "ஒனக்குன்னு வாங்கி வெச்சதும்மா. மீனு படாதது. எப்பனா வந்தீன்னா பருப்பு ஆக்கித் தரலாம்னு."

"எனக்குக் கொழம்பு ஊத்து நைனா."

"வாணாம்மா. இம்மா நாளு கஷ்டப்பட்டு பேரு வாங்கிக்கீற. நம்மால கெட வாணாம்."

குரலில் குத்தல் துளியும் இல்லை. பூவாயி உறையைக் கிழித்தாள், பாத்திரத்தைக் கழுவினாள், பருப்பை வேகப்போட்டாள். அது வேகும்வரை தேவிப்பிரியா, அப்பா துடைத்துப் போட்ட நாற்காலியில் விருந்தாளியாக உட்கார்ந்திருந்தாள்.