வில்லங்கம் இல்லாத சைக்கிள்

மனிதன் தன் ஆயுளில் மூன்று காரியங்களைத் தீர விசாரித்துத்தான் செய்ய வேண்டும்: மண் வாங்குவது, பெண் கொடுப்பது, சைக்கிள் வாங்குவது. விழுப்புரம் ரிஜிஸ்தர் ஆபீசுக்கு எதிரே பத்திர எழுத்தர்கள் உட்காரும் வரிசையில் ராஜாமணி இதை அறிவித்தபோது, அவர் கையில் பாதி வடை இருந்தது. போன வாரம் வரை அவர் சொல்லிவந்த காரியங்கள் இரண்டுதான். மூன்றாவதைச் சேர்த்தவர் சர்க்கரை டாக்டர்.

டாக்டர் மூன்று மாதம் தவணை கொடுத்திருந்தார். அதற்குள் உடம்பு குறைய வேண்டும். இல்லையென்றால் மாத்திரை, ஆரம்பித்தால் ஆயுசுக்கும். முதலில் நடக்கச் சொன்னார், ராஜாமணியும் நடந்து பார்த்தார். ஆனால் ஐம்பதைத் தாண்டிய, நாலு பேருக்குத் தெரிந்த ஆசாமி விழுப்புரத்தில் நடப்பது லேசுப்பட்ட காரியமில்லை. தெருமுனை திரும்புவதற்குள் ஒரு பைக் வந்து நிற்கும். ஏன்ணே நடந்து போய்க்கினு இருக்கீங்க, ஏறுங்க என்பார்கள். ஏறாவிட்டால் மனத்தாங்கல் என்று நினைத்துக்கொள்வார்கள். அடுத்த பத்திரம் பக்கத்து மேசைக்குப் போய்விடும். அவர் ஏறிக்கொள்வார். நடக்க ஆரம்பித்த பிறகு அவர் முன்பைவிடச் சீக்கிரமாக ஆபீசுக்கு வந்து சேர்ந்தார். எடையும் கொஞ்சம் கூடியிருந்தது.

சைக்கிளில் போகிறவனை யாரும் ஏற்றிக்கொள்ள முடியாது. ஆகவே சைக்கிள்.

ராஜாமணியைப் பற்றி ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். அவர் எழுதிய பத்திரம் ஒன்றுகூடக் குறை சொல்லித் திரும்பி வந்ததில்லை. இப்போது எழுதுவது என்றால் அவர் சொல்லச் சொல்லப் பக்கத்து ஜெராக்ஸ் கடை செண்பகம் கம்ப்யூட்டரில் அடிப்பதுதான். ஆனாலும் எழுத்து ராஜாமணியின் எழுத்து. மரக்காணத்திலிருந்தும் வானூரிலிருந்தும்கூட ஆட்கள் அவரிடம் யோசனை கேட்டுப் போவார்கள். ராஜாமணி பார்த்தால் அதில் வில்லங்கம் இருக்காது என்ற பெயர்தான் அவருடைய சொத்து. வீடுகூட மனைவி பவுனு பேரில்தான் இருந்தது.

அந்தப் பெயரில் ஒரு கீறல் விழாதா என்று பக்கத்து மேசை வேங்கடேசன் பல வருஷமாகக் காத்திருந்தார். நல்ல மனிதர்தான். ஆனால் ராஜாமணிக்கு ஒரு தப்பு நேர்ந்தால் அதை முதலில் பார்க்கிறவர் தானாக இருக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை.

முதலில் ராஜாமணி ஊரிலேயே புதுசாகத் திறந்திருந்த சைக்கிள் கடைக்குப் போனார். கண்ணாடிக் கடை, ஏ.சி. வேறு. அங்கே சைக்கிள்கள் தரையில் நிற்காமல் சுவரில் தொங்கின. விற்பனையாளர் இருபத்தோரு கியர் இருப்பதாகச் சொன்னார். விழுப்புரத்தில் மேடு எங்கே இருக்கிறது என்று ராஜாமணி கேட்டார். ரயில்வே மேம்பாலம் என்றார் அவர். ஒரு மேம்பாலத்துக்கு இருபத்தோரு கியரா என்று ராஜாமணி யோசித்துக்கொண்டிருக்கும்போதே விலையும் சொல்லப்பட்டது. ஓடுகிற நிலையில் உள்ள ஒரு பழைய ஸ்கூட்டரின் விலை அது. ஸ்டாண்டும் மணியும் தனி. வண்டியை நிறுத்த ஸ்டாண்டு தராதவன் கிரயம் கொடுத்துவிட்டு வழிப்பாதை தராதவன் மாதிரி என்று சொல்லி ராஜாமணி வெளியே வந்துவிட்டார்.

திண்டிவனத்தில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் சிக்கந்தர் பாட்சா, ராஜாமணியின் பழைய வாடிக்கைக்காரர். கோட்டக்குப்பத்துக்காரர். குவைத்தில் பல வருஷம் இருந்துவிட்டு வந்து, டாக்டர் பேச்சைக் கேட்டு நல்ல கம்பெனி சைக்கிளாகப் பார்த்து ஒன்று வாங்கினார். கியர் கிடையாது, பூட்டு, மணி, ஸ்டாண்டு, காரியர் எல்லாம் உண்டு. இரண்டு மாதம் ஓட்டியதில் அவருக்கு முழங்கால் வலி வந்தது. ஆறாயிரத்துக்குத் தருவதாகச் சொன்னார். விலை நியாயம்தான். ராஜாமணி ஒரு ஞாயிற்றுக்கிழமை திண்டிவனம் போனார். சாட்சிக்கு ஆள் வேண்டுமே என்று வேங்கடேசனையும் கூட்டிக்கொண்டார்.

சொத்தைப் பார்வையிடுகிற முறையில் அவர் சைக்கிளைப் பார்வையிட்டார். முதலில் மூலப்பத்திரம், அதாவது கடை பில். பிறகு இதன் மேல் அடமானம், பாகம், வேறு பாத்தியதை ஏதாவது உண்டா என்று கேட்டார். பாட்சாவின் மகன் ஃபைசல் தனக்கு இதில் எந்த உரிமையும் இல்லை என்று வாய்மொழியாகச் சொன்னது போதவில்லை. எழுதித் தரச் சொன்னார். வீட்டுக்காரம்மாவுக்குச் சம்மதமா என்று விசாரித்தார்.

பாட்சாவின் மனைவி அசன் பீவி, கடைக்குப் பின்னால் இருந்த வீட்டுக்குள்ளிருந்தே பதில் சொன்னார். "ஜல்தியா எடுத்துக்கினு போவச் சொல்லுங்க. துணி காயப்போட நாலடி இடமில்லாம பேஜாரா இருக்குது."

இதைச் சம்மதம் என்று ராஜாமணி குறித்துக்கொண்டார்.

பிறகு ஜவுளிக்கடைக் கல்லாவில் உட்கார்ந்து, பத்திரம் எழுதும் பச்சைத் தாளில் எழுதத் தொடங்கினார். முன் சக்கரம், பின் சக்கரம், சங்கிலி, மணி ஒன்று, ஸ்டாண்டு ஒன்று சகிதம், இதில் எவ்வித வில்லங்கமும் இல்லையென்றும், பின்னால் ஏதேனும் தோன்றினால் தானே முன்னின்று தீர்த்துக் கொடுப்பதாகவும், இது முதல் புத்திர பௌத்திர பாரம்பரியமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது என்றும் வரிக்கு வரி வளர்ந்தது. நாலு எல்லையும் எழுதினார். கிழக்கே புடவை அலமாரி.

பாட்சா ஆறடிக்கு மேல் உயரம். பக்கத்திலேயே நின்றுகொண்டு ஏறி ஒரு ரவுண்டு போய்ப் பாருங்களேன் என்றார். ராஜாமணி நிமிரவில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் பாட்சா மறுபடியும் சொன்னார்.

"எழுத்து முடியாம சொத்துல கால் வைக்கக் கூடாது பாய்," என்றார் ராஜாமணி. "அப்புறம் நான் அனுபோக பாத்தியதை கேட்டா நீங்க என்ன பண்ணுவீங்க?"

பாட்சா சைக்கிளை விட்டு இரண்டடி தள்ளி நின்றுகொண்டார். மனிதனுக்கு மூளை இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு வேங்கடேசன் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்.

எழுத்து முடிந்தது. அப்போதாவது ஏறியிருக்கலாம். ஆனால் அது ராகு காலம். சுவாதீனம் எடுப்பது, அதாவது ஏறி உட்காருவது, புதன்கிழமை காலை நல்ல நேரத்தில் என்று முடிவாகி, சைக்கிள் துணி மூட்டைகளோடு ஒரு மினி லாரியில் விழுப்புரம் வந்தது.

புதன்கிழமை காலை பத்திர எழுத்தர் வரிசை நிறைந்திருந்தது. சக்கரங்களுக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து, செண்பகம் கற்பூரம் காட்டினாள். ராஜாமணி ஜெராக்ஸ் கடைப் படிக்கட்டில் நின்றபடி காலைத் தூக்கிப் போட்டு ஏறினார். பழம் நசுங்கியது. கைதட்டினார்கள். பள்ளிக்கூடத்தோடு விட்ட பழக்கம். ஆனால் உடம்பு மறக்கவில்லை. கொஞ்சம் ஆடி, பிறகு நேராகி, சைக்கிள் ஓடியது. அந்தத் தெருவில் அவ்வளவு நிமிர்ந்த முதுகோடு யாரும் போனதில்லை. தெருக்கோடியில் திரும்பி வரிசையை நோக்கி வந்தார், முகமெல்லாம் சிரிப்பு. நிறுத்துவதற்காகக் காலை ஊன்றினார்.

தரை அங்கே இல்லை.

இன்னும் கொஞ்சம் ஊன்றிப் பார்த்தார். பெருவிரலுக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே ஒரு சாண் காற்று இருந்தது. சைக்கிள் சாய்வதற்குள் பெடலை மிதித்து அப்படியே போய்விட்டார். வரிசை மறுபடியும் கைதட்டியது. ஒற்றைப் பெடலில் நின்று காலைப் பின்னால் வீசி இறங்கும் வித்தை அவருக்குத் தெரியும். அவருடைய இடுப்புக்கு அது மறந்துவிட்டிருந்தது. திரும்பத் திரும்பச் சுற்றினார். ஒவ்வொரு சுற்றுக்கும் கைதட்டல் கொஞ்சம் மெலிந்தது. கடைசியில் ஒரு மின்கம்பத்தைக் கட்டிப்பிடித்து நின்றார்.

வேங்கடேசன் பக்கத்தில் வந்தார். பார்த்தார். பல வருஷக் காத்திருப்பு அவர் முகத்தில் மலர்ந்தது.

"அண்ணே," என்றார் மெதுவாக, "கால் எட்டலியா?"

கம்பத்தை விடாமலே ராஜாமணி அவரைப் பார்த்தார்.

"எட்டினா நின்னுடுவோம் வேங்கடேசா. ரவுண்டுக்கு ரவுண்டு நின்னு டீ குடிக்கவா சைக்கிள் வாங்கினேன்? டாக்டர் சொன்ன சைஸே இதுதான்."

வேங்கடேசன் யோசித்தார். டாக்டரைக் கேட்கவா முடியும்?

சீட்டைக் கீழே இறக்க முடியுமா என்று ராஜாமணி யாருமில்லாத நேரத்தில் ஒரு மெக்கானிக்கிடம் கேட்டார். இதற்கு மேல் இறக்கினால் கம்பியில்தான் உட்கார வேண்டும், இது உயரமான ஆளுக்கான பாடி என்றார் மெக்கானிக். விற்றுவிடலாம். விற்றால் அவர் பார்த்து வாங்கிய பொருளில் குறை இருந்தது என்று ஆகும். அடுத்த மாதமே ஊர் வேங்கடேசன் மேசையில் போய் உட்காரும். ராஜாமணி விற்கவில்லை.

ஆகவே தினமும் விடிகாலையில் பாண்டிச்சேரி ரோட்டில் ஓட்டினார். முதலில் கோலியனூர் வரைக்கும். இறங்க முடியாததால் நிற்கவில்லை. நிற்காததால் கோலியனூர் கூட்ரோட்டு பஜ்ஜியைக் கண்ணால் மட்டும் பார்த்தார். தெரிந்தவர்கள் டீக்கடையிலிருந்து கூப்பிட்டார்கள். மணியை அடித்துவிட்டுப் போனார். முன்பெல்லாம் கூப்பிட்ட குரலுக்கு உட்கார்ந்துவிடும் மனிதர். என்ன வைராக்கியம் என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். அந்தப் பேச்சு காதுக்கு வந்த பிறகு அவருக்கே அதில் நம்பிக்கை உண்டாகி, வளவனூர் வரை போனார். வயல் தண்ணீரில் தன் நிழல் நிமிர்ந்து போவதைப் பார்த்தார். பார்க்கும்படிதான் இருந்தது. கரும்பு டிராக்டர்கள் ஒதுங்கி வழி விட்டன. அந்த சைக்கிள் நிற்காது என்று ரோட்டுக்கே தெரிந்திருந்தது.

மூன்று மாதம் கழித்து டாக்டர் ரிப்போர்ட்டை இரண்டு முறை படித்தார். மாத்திரை வேண்டாம் என்றார். எப்படிக் குறைத்தீர்கள் என்று கேட்டார்.

"வண்டியத் தேர்ந்தெடுக்கறதுல இருக்குது சார்," என்றார் ராஜாமணி.

பெல்ட்டில் புது ஓட்டை போட வேண்டியிருந்தது. அந்த ஓட்டையை அவர் வரிசை முழுக்கக் காட்டினார். செண்பகம் அவரை போட்டோ பிடித்துக் கடை வாசலில் ஒட்டினாள். ஒரு சாயங்காலம் வேங்கடேசனே வந்து, தனக்கும் சர்க்கரை எல்லையில் நிற்கிறது, ஒரு சைக்கிள் பார்த்துக் கொடுங்கண்ணே என்று கேட்டார். ராஜாமணி அவரை உட்காரச் சொல்லி, எந்த அவசரமும் காட்டாமல், வண்டி எப்போதும் ஆளைவிட ஒரு சாண் உயரமாக இருக்க வேண்டும் என்று ஆரம்பித்தார். வேங்கடேசன் அதை போனில் குறித்துக்கொண்டார்.

தினமும் காலை ஆறரை மணிக்குப் பவுனு வாசலுக்கு வந்து, ஒரு கையால் காரியரையும் இன்னொரு கையால் புருஷன் இடுப்பையும் பிடித்து அவரைக் கீழே இறக்குகிறாள்.