அடுத்தது உங்க பாட்டுதான்

கரோக்கிப் பெட்டிக்காரர் யாரிடமெல்லாம் "அடுத்தது உங்க பாட்டுதான்" என்று சொல்லிவிட்டு அந்தப் பாட்டைப் போடாமல் விட்டாரோ, அவர்களில் ஒருவர்கூட அவருடைய ஸ்பீக்கரை விட்டு நகரவில்லை. விருந்து முடிந்ததும் அவர்களும் எல்லாரையும் போலச் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள், தூங்கினார்கள், மறுநாள் வேலைக்கும் போனார்கள். அதெல்லாம் சரிதான். ஆனால் காலையில் பெட்டிக்காரர் வண்டியின் பின்கதவைத் திறந்தால், வயர்ச் சுருளுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் அதே ஆள், அதே உடுப்பில், அதே காலிக் கோப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பார். முதன்முதலில் அப்படி வந்தவர் ஒரு பஸ் டிப்போ மேலாளர். ஓய்வுபெற்ற அன்று நடந்த விருந்தில் ஏதோ ஒரு ஆட்டப் பாட்டைக் கேட்டவர். பெட்டிக்காரர் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, வெயில் ஏறிவிட்டது, உள்ளே வந்து உட்காருங்கள் என்றார். பெட்டிக்காரரின் மனைவி, திரைச்சீலை தைத்துக்கொண்டிருந்தவள், எழுந்து ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

தனியார் விருந்துகளில் கரோக்கி நடத்துகிற தொழிலில் "இல்லை" என்ற சொல் கிடையாது. கேட்ட பாட்டு இல்லை என்று சொன்னால் கேட்டவர் முகம் தொங்கும், அதைப் பார்த்து அவர் கூட்டாளி முகம் தொங்கும், அப்புறம் கூடமே இழவு வீடு மாதிரி ஆகிவிடும். அதனால் அடுத்தது உங்களுடையதுதான் என்று ஒரு வார்த்தை போட்டு வைப்பார்கள். மூணு பாட்டுக்குள் ஆள் மறந்துவிடும். ஊரில் உள்ள அத்தனை கரோக்கிக்காரர்களும் அப்படித்தான் பிழைத்தார்கள். மற்றவர்கள் சொன்னது காற்றோடு போனது, இவர் சொன்னது மட்டும் ஏன் ஆளைப் பிடித்து நிறுத்தியது என்று யாருக்கும் தெரியாது. இவர் குரல் அவ்வளவு நம்பும்படியாக இருந்ததுதான் வினை என்றாள் மனைவி. ஒரு சொல் வெல்லும், ஒரு சொல் கொல்லும் என்பார்கள். இவர் சொல் இரண்டும் செய்யாமல் ஆளைக் காக்க வைத்தது.

காத்திருந்தவர்கள் தொந்தரவு தரவில்லை. சாப்பிட மாட்டார்கள், படுக்க மாட்டார்கள், ஸ்பீக்கர் எந்த மூலையில் இருக்கிறதோ அந்த மூலையைப் பார்த்தபடி இருப்பார்கள். கூட்டும்போது காலைத் தூக்கச் சொன்னால் தூக்குவார்கள். இரவில் தண்ணீர் குடிக்க எழுந்து வந்தால் இருட்டில் அத்தனை முகமும் ஒரே பக்கம் திரும்பியிருக்கும். அது மட்டும் பெட்டிக்காரரின் மனைவிக்குப் பழகவே பல வருஷம் ஆனது. வீட்டுக்குப் போன ஆட்களுக்கு ஏதோ ஒன்று குறைந்தது. டிப்போ மேலாளருக்குக் கொட்டாவி பாதியிலேயே நின்றுபோனது. ஒரு பல் டாக்டரின் அத்தைக்குக் கூச்சம் விட்டுப்போய், உள்ளங்காலைச் சுரண்டினால்கூடச் சிரிப்பு வரவில்லை. இல்லாமலும் வாழ்ந்துவிடக்கூடிய விஷயங்கள்தான். அதனால் யாரும் அவற்றைத் தேடிக்கொண்டு வரவில்லை.

கேட்ட பாட்டைக் கண்டுபிடித்துப் போட்டால் அவர்கள் போய்விடுவார்கள் என்பது தற்செயலாகத்தான் தெரிந்தது. டிப்போ மேலாளரின் பாட்டு ஒரு பழைய டிஸ்க்கில் கிடைத்து, சரியாக ஓடுகிறதா என்று பார்க்கப் போட்டபோது அவர் எழுந்தார், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முழுப் பாட்டுக்கும் ஆடினார், முடிந்ததும் கண்ணாடியில் படிந்த ஆவி காய்வதுபோல ஓரத்திலிருந்து மறைந்தார். அன்று தொடங்கியது பெட்டிக்காரரின் சேகரிப்பு. மூடப்போகிற கடைகளில் டிஸ்க் வாங்கினார், வெளியூர்க்காரர்களிடம் பிரதி எடுத்தார், ஒரே பாட்டைக் குரலோடும் குரல் இல்லாமலும், கட்டைக் குரல்காரர்களுக்காகச் சுருதி இறக்கியும் வைத்துக்கொண்டார். இரண்டு பாடகர்களுக்கு நடுவே கூடம் காலியாகாமல் இருக்கப் போடுகிற ஆட்டப் பாட்டுகளை வேகம் பார்த்து அடுக்கினார்: குழந்தைகளுக்கு, புது ஜோடிகளுக்கு, மூட்டுவலிக்காரர்களுக்கு, குடித்துவிட்டு நாற்காலியில் ஏறுகிறவர்களுக்கு. மூட்டுவலிக்காரர்களின் பாட்டுதான் எண்ணிக்கையில் அதிகம். பெட்டிக்காரரிடம் இல்லாத பாட்டே இல்லை என்ற பேர் பரவியது. மற்ற கரோக்கிக்காரர்கள் அவர் வீட்டு வாசலில் ஹார்ட் டிஸ்க்கோடு வந்து நின்றார்கள். தொழில் பக்தி என்று புகழ்ந்தார்கள். முன்னறையில் உட்கார இடம் வேண்டும் என்கிற அவசரம் அது என்று அவர்களுக்கு எங்கே தெரியும்.

பெட்டிக்காரரின் ஒரே மகளுக்கு ஏழு வயதானபோது ஒரு நாள் மனைவிக்குக் காய்ச்சல். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் பெட்டிக்காரர் அவளையும் வேலைக்குக் கூட்டிப்போனார். ஒரு முதலாளி வீட்டு மாடியில் விருந்து. பிள்ளை நல்லபடியாக வயர்ப் பையின் மேல் உட்கார்ந்திருந்துவிட்டு, கூட்டம் ஆடத் தொடங்கியதும் வந்து அவர் சட்டையை இழுத்தாள். பள்ளிக்கூடத்திலிருந்து ஸ்கேட்டிங் அரங்கத்துக்குக் கூட்டிப்போனபோது கேட்ட பாட்டாம். வார்த்தை இல்லை, நடுநடுவே சைக்கிள் மணி மாதிரி ஒரு சத்தம் வருமாம், அதற்கு ஆடணுமாம். அவரிடம் அது இல்லை. ஒரு கையில் மைக், அடுத்துப் பாட முதலாளியின் மாமியார் தயாராக நிற்கிறார். எந்த வாயால் ஊருக்கெல்லாம் சொன்னாரோ அதே வாயால், அதே குரலில், பெற்ற பிள்ளையிடமும் சொல்லிவிட்டார்: "அடுத்தது உன் பாட்டுதான் கண்ணு."

மாமியார் பாடி முடிக்குமுன் பிள்ளை தூங்கிப்போனாள். தோளில் போட்டுக்கொண்டு வந்து படுக்க வைத்தார். காலையில் அவள் கட்டிலில்தான் இருந்தாள். வண்டியின் பின்கதவைத் திறந்தபோது அங்கேயும் இருந்தாள், நீல கவுனில், இடது கால் சாக்ஸ் கணுக்கால்வரை இறங்கி, வலது காலால் தரையைத் தட்டியபடி. பெட்டிக்காரர் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்து அழுதார். மனைவி வந்து பார்த்தாள், பிள்ளையின் கையைப் பிடித்து இறக்கி உள்ளே கூட்டிப்போனாள். அன்றிலிருந்து கட்டிலில் இருந்தவள் பெரியவள், ஸ்பீக்கர் பக்கத்தில் நின்றவள் சின்னவள்.

பெரியவளிடம் என்ன குறைந்தது என்று மத்தியானத்துக்குள் தெரிந்துவிட்டது. அவள் நடந்தால் சத்தம் வரவில்லை. மரப்படியில் ஓடினாலும், சரளைக் கல்லில் குதித்தாலும், ஷூ போட்டு மிதித்தாலும் ஒரு சின்னச் சத்தம் இல்லை. பள்ளிக்கூடத்தில் பூனை என்று பேர் வைத்தார்கள். திரும்பிப் பார்த்து அலறாத ஆசிரியை இல்லை. அவள் ஆடவும் இல்லை. சொந்தக்காரர்கள், ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று கிண்டல் செய்தபோது, கூடம் நேராகத்தான் இருக்கிறது, என் கால்தான் இங்கே இல்லை என்று பதில் சொன்னாள். காலுக்கு இல்லாத சத்தம் கதவுக்கு இருந்தது. பதினாலு வயசில் அவள் எல்லாக் கதவையும் அறைந்து சாத்தினாள், தான் வந்ததும் போனதும் யாருக்காவது தெரியட்டும் என்று.

பெட்டிக்காரர் சின்னவளிடம் ஒட்டிக்கொண்டார். இதை மறைத்துச் சொல்லிப் பிரயோஜனமில்லை. பெரியவள் வளர்ந்தாள், எதிர்த்துப் பேசினாள், பரீட்சையில் கோட்டை விட்டாள், முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சின்னவள் எதுவும் செய்யவில்லை. காலையில் அவர் குனிந்து சாக்ஸை மேலே இழுத்துவிடுவார், சாயங்காலத்துக்குள் அது இறங்கிவிடும். விளக்குப் போடும் நேரத்தில் அவள் தலையை நிமிர்த்தி ஒரே ஒரு கேள்வி கேட்பாள்: அடுத்தது என் பாட்டுதானேப்பா? ஆமா கண்ணு என்பார் அவர். அவள் கால் தரையைத் தட்டிக்கொண்டே இருக்கும். பெரியவள் அந்தத் தட்டலைச் சாப்பிடும்போதும் படிக்கும்போதும் கேட்டுக்கொண்டே வளர்ந்தாள். அது தன்னுடைய சத்தம் என்று அவளுக்குத் தெரியும்.

பாட்டு நாலாவது வருஷமே கிடைத்துவிட்டது. ஸ்கேட்டிங் அரங்கத்தை மூடி, சாமான்களை ஏலம் விட்டபோது ஒரு பெட்டி டிஸ்க் வாங்கிவந்து, வீட்டில் ஹெட்ஃபோன் மாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். சைக்கிள் மணி அடித்தது. ஹெட்ஃபோனுக்கு வெளியே எதுவும் கேட்டிருக்காது. ஆனாலும் சின்னவளின் கால் நின்றது, அவள் மெதுவாகத் திரும்பி அவரைப் பார்த்தாள். பெட்டிக்காரர் பாட்டை நிறுத்தினார். பிறகு அந்தப் பாட்டை மைக் சோதனைச் சத்தங்களுக்கு நடுவில், யாரும் திறக்காத இடத்தில் போட்டு வைத்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது இதுதான். மனைவிக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். அன்று ராத்திரி அவள் சாப்பாட்டைப் போட்டுவிட்டு, அவரோடு உட்காராமல் உள்ளே போனாள்.

பெரியவள் படித்து, வேறு ஊரில் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலைக்குச் சேர்ந்தாள். ராத்திரி வார்டுக்கு இவளை மாதிரி ஆள் கிடைக்க மாட்டாள் என்றார்கள்; ஆனால் கண் விழித்த நோயாளிகள் கட்டிலருகே அவளைப் பார்த்துப் பயந்துபோனதால், இடுப்பில் ஒரு சாவிக்கொத்தைக் கட்டிக்கொண்டு நடந்தாள். கூட வேலை பார்த்த ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டாள். வீட்டுக்கு வருவது குறைந்தது. வந்தாலும் முன்னறையில் உட்காராமல் சமையலறையில் அம்மாவோடு பேசிவிட்டுப் போனாள். பெட்டிக்காரர் ஹார்ட் டிஸ்க்கில் தலையை விட்டபடி இருப்பார். மகள் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது.

பிள்ளையுண்டாகி எட்டாம் மாசத்தில் ஒரு மத்தியானம் அவள் வந்தாள். சாவிக்கொத்து இல்லை, அதனால் அவர் முதுகுக்குப் பின்னால் எவ்வளவு நேரம் நின்றாள் என்று தெரியாது. திரும்பியவர் திடுக்கிட்டு மவுஸைக் கீழே போட்டார். அவள் வயிற்றில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"குழந்தை உதைக்கவே மாட்டேங்குதுப்பா," என்றாள். டாக்டர்கள் எல்லாம் பார்த்துவிட்டார்கள். துடிப்பு நன்றாக இருக்கிறது, எடை சரியாக இருக்கிறது, சில குழந்தைகள் அமைதி என்கிறார்கள். உள்ளே அசைந்து திரும்புவதுகூட ஸ்கேனில் தெரிகிறதாம், ஆனால் இவளுக்கு ஒன்றும் எட்டவில்லையாம். ராத்திரியெல்லாம் கை வைத்துக் காத்திருக்கிறாளாம். என் கால் மாதிரியே வந்துவிட்டது என்றாள். பெற்ற மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்று சும்மாவா சொன்னார்கள். ஆனால் அந்த வீட்டில் அது அதுவரை தலைகீழாக இருந்தது. அவள் சின்னவளைப் பார்த்தாள், சின்னவள் வந்து நின்ற நாளிலிருந்து முதல் தடவையாக நேராகப் பார்த்தாள். பிறகு, "அவ பாட்டு உங்ககிட்ட இருக்காப்பா?" என்று கேட்டாள்.

தொழில்காரர் நாக்கில் பழக்கம் ஊறிப்போயிருந்தது. தேடிக்கிட்டிருக்கேம்மா, கிடைச்சதும் அடுத்தது, என்று ஆரம்பித்துவிட்டார். அந்தச் சொல் வாயிலிருந்து பாதி வந்ததுமே முன்னறையில் நாற்காலிகள் நகர்ந்தன. காத்திருந்தவர்கள் அத்தனை பேரும் ஒதுங்கி, சின்னவளுக்குப் பக்கத்தில் ஒரு ஆள் நிற்கிற அளவுக்கு, வயிறு தள்ளின ஒரு பெண் நிற்கிற அளவுக்கு, இடம் விட்டார்கள்.

"சொல்லிடாதீங்க," என்றாள் மனைவி, சமையலறை வாசலிலிருந்து.

அவர் வாயை மூடினார். பிறகு, "இருக்கு," என்றார். "ரொம்ப நாளா இருக்கு."

பெரியவள் ஏன் என்று கேட்கவில்லை. மைக் சோதனைச் சத்தங்களைத் திறந்து, நடுவிலிருந்து அதை எடுத்து, பெரிய ஸ்பீக்கரில் போட்டார். சைக்கிள் மணி அடித்ததும் சின்னவள் கையைத் தட்டிக்கொண்டு கூடத்தின் நடுவுக்கு ஓடினாள். ஸ்கேட்டிங் செய்கிறவள்போல வளைந்தாள், சுற்றினாள், காத்திருந்தவர்களின் முழங்கால்களுக்கு நடுவே புகுந்து வந்தாள். அவர்கள் தாளம் போட்டார்கள். அவள் கால் விழுந்த இடமெல்லாம் தரை அதிர்ந்தது. சுவர் ஓரத்தில் நின்ற பெரியவள் அந்தச் சத்தத்தை ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

கூட்டம் நன்றாக ஆடும்போது பாட்டை முடியவிடாமல் நடுத்துண்டையே திரும்ப ஓட்டுவது கரோக்கிக்காரர் வித்தை. கேட்கிறவருக்கு ஒட்டுப்போட்ட இடம் தெரியாது. பாட்டு முடியப்போகிற இடத்தில் பெட்டிக்காரரின் விரல் தானாகப் போய் அதைச் செய்தது. சின்னவள் இன்னொரு சுற்று ஆடினாள். மறுபடி செய்தார். அவளுக்கு மூச்சு வாங்கவில்லை, அப்படியே என்றைக்கும் ஆடியிருப்பாள். மூன்றாவது தடவை விரல் போனபோது பெரியவள் பக்கத்தில் வந்து நின்றாள், வழக்கம்போலச் சத்தமில்லாமல்.

"போதும்ப்பா," என்றாள்.

அவர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். தொழிலுக்கு வந்த நாளிலிருந்து ஒரு பாட்டின் வாலில் இன்னொன்றின் தலையைச் சேர்க்காமல் அவர் விட்டதே இல்லை. அன்றைக்கு விட்டார். பாட்டு முடிந்து, கடைசி மணியும் அடங்கி, கூடம் சும்மா இருந்தது. சின்னவள் நின்றாள். குனிந்து, இறங்கிக் கிடந்த இடது சாக்ஸைத் தானே மேலே இழுத்துவிட்டுக்கொண்டாள். அப்புறம் அவள் இல்லை.

பெட்டிக்காரர் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பெரியவள் "அம்மா" என்று ஒரு சத்தம் போட்டு வயிற்றைப் பிடித்தாள். அம்மா ஓடிவந்து தன் கையையும் வைத்துப் பார்த்தாள், உடனே எடுத்துக்கொண்டு, பிறகு சிரித்துக்கொண்டே மறுபடி வைத்தாள். இப்படி உதைத்தால் பத்தாம் மாசம்வரை எப்படித் தாங்குவது என்றாள். பெரியவள் தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனாள். தொம் தொம் என்று போனாள். போன வழியிலேயே திரும்பி வந்தாள், மறுபடி போனாள். அவளுக்கு நடை அப்படித்தான் அமைந்திருந்தது, கனத்த நடை, குதிகாலை அழுத்தி வைக்கிற நடை. இத்தனை வருஷமாக யாருக்கும் தெரியாமல் இருந்தது.

அன்றிலிருந்து பெட்டிக்காரர் இல்லாத பாட்டை இல்லை என்று சொல்லத் தொடங்கினார். விருந்துக்குக் கூப்பிடுகிறவர்கள் குறைந்தார்கள். ஏற்கெனவே காத்திருந்தவர்கள் காத்திருந்தார்கள், அவர் அவர்களுக்காகத் தேடிக்கொண்டே இருந்தார், கிடைத்த அன்றே போட்டார். மகள் பிரசவம்வரை அங்கேயே இருந்தாள். சின்னவள் ஆடி மறைந்த அடுத்த வாரமே கீழ்வீட்டுக்காரர் மாடியேறி வந்தார். இருபது வருஷமாக ஸ்பீக்கர் சத்தத்துக்கு ஒரு வார்த்தை சொல்லாத நல்ல மனுஷன். தப்பா நினைக்காதீங்க, பாட்டெல்லாம் பரவாயில்லை, ஆனால் விடிகாலையிலேயே மேலே யாரோ தரையை இடிக்கிற மாதிரி நடக்கிறார்கள், யார் அது என்று கேட்டார்.

உள்ளே அப்போதும் நடை கேட்டது. பெட்டிக்காரர் அது கூடத்தைத் தாண்டுகிறவரை, பின்கட்டுக்குப் போய்த் திரும்புகிறவரை, கதவில் கையை வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"என் பொண்ணுங்க," என்றார். "நடக்கிறா."

கீழ்வீட்டுக்காரர் சரி என்று இறங்கிப்போய், தன் கட்டிலை அடுத்த அறைக்கு நகர்த்திப் போட்டுக்கொண்டார்.