ஹேவ்லாக்குக்குப் போன சிவப்பு டிராக்டர்

பாம்பூஃப்ளாட்டில் வண்டிகளுக்குப் பெயிண்ட் அடித்துப் பிழைத்த ஜம்புலிங்கத்துக்கு, டிராக்டரோடு ஹேவ்லாக் தீவுக்குப் போகும் போட்டில் ஏறியபோது பெருமையாகத்தான் இருந்தது.

கடலுக்கு அக்கரையில், மெயின்லேண்டில் வருஷக்கணக்கில் உழுது ஓய்ந்த வண்டி அது. அதைச் செய்த கம்பெனியின் வண்டிகள் முன்பெல்லாம் முழுக்கச் சாம்பல் நிறம். அறுபதுகளில் வந்த புது வண்டிகளுக்கோ பானெட்டும் மட்கார்டும் சிவப்பு, என்ஜின் மட்டும் சாம்பல். அதை ஹேவ்லாக்கில் புதுசென்று விற்கவிருந்த காண்ட்ராக்டர் கோவிந்தராஜ் புது வண்டியின் படமொன்றைக் காட்டி, "அச்சு அசலா இப்படியே இருக்கணும் ஜம்பு. அந்த பெங்காலி ஜனங்க டிராக்டரையே பார்த்ததில்ல," என்றார்.

ஜம்புலிங்கம் அன்றே வேலையைத் தொடங்கினான். நசுங்கிய இடங்களைத் தட்டி நிமிர்த்தி, பட்டி பூசி, தேய்த்து, சிவப்பு அடித்தான். முடித்தபோது அவனுக்கே வண்டி புதுசாகத் தெரிந்தது.

ஹேவ்லாக் கரையில் சங்கு ஊதி வரவேற்றார்கள். காட்டை வெட்டிக் குடியேறிய பெங்காலிகளின் சொசைட்டித் தலைவர் ஹரிபத பாபு பானெட்டில் குங்குமம் வைத்துவிட்டு, "நயா ஹை நா, மிஸ்திரி?" என்று கேட்டார்.

"ஹாங் தாதா. புதுசுதான்," என்றான் ஜம்புலிங்கம்.

அன்று மாலையே வயலில் இறக்கினார்கள். நிதாய் என்பவன் ஓட்டினான். திருப்பும்போது வெட்டாமல் விட்ட அடிமரம் ஒன்று மட்கார்டில் உரசி, சிவப்புப் பெயிண்ட் தோலாக உரிந்து தொங்கியது; அடியில் பழைய சாம்பல் பெயிண்ட். நிதாய் குதித்து இறங்கி அதை ஒட்டவைக்கப் பார்த்தான். வந்த அன்றைக்கே புது வண்டியைக் கெடுத்துவிட்டாயே என்று ஆளாளுக்கு அவனை ஏசினார்கள். ஹரிபத பாபு கையையே ஓங்கிவிட்டார்.

நிதாய் நேராக ஜம்புலிங்கத்திடம் வந்தான். கண் கலங்கக் கைகூப்பினான். "மாஃப் கரோ மிஸ்திரி, மன்னிச்சிடுங்க. உங்க வேலையைப் பாழாக்கிட்டேன்."

அந்தக் கும்பிட்ட கைகளைப் பார்க்க முடியாமல் ஜம்புலிங்கம் தரையைப் பார்த்தான். இனி நிதாய் வண்டியைத் தொடக் கூடாது என்று அவர்கள் பேசி முடித்த பிறகுதான் சொன்னான்.

"அவன் மேல தப்பில்ல, தாதா. வண்டி பழசு. நான்தான் சிவப்பு அடிச்சேன்."

யாரும் திட்டவில்லை. அன்று இரவு ஹரிபத பாபுவின் மனைவி அவனுக்கென்று ஆக்கிய மீன் குழம்பை இலையில் ஊற்றினாள். முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

சொசைட்டி விடவில்லை. மழைக்கு முன்பே கோவிந்தராஜ் நிஜமான புது வண்டி கொடுக்க வேண்டியதாயிற்று. பழசைத் திரும்ப ஏற்றிவர ஜம்புலிங்கமும் போனான். இந்த முறை சங்கு இல்லை. ஹரிபத பாபு அரிவாள் நுனியால் புது பானெட்டின் ஓரத்தைச் சுரண்டினார். அடியில் சாம்பல் பெயிண்ட் இல்லாததை நிதாய் குனிந்து பார்த்து, சரி என்று தலையசைத்தான்.

பளபளவென்றிருந்த சிவப்பில் ஒரு கீறல். ஜம்புலிங்கம் தன் பெயிண்ட் டப்பாவைத் திறந்தான்.

"ரஹனே தோ மிஸ்திரி," என்றான் நிதாய், மரியாதையாகவே. "அது அப்படியே இருக்கட்டும்."

ஜம்புலிங்கம் டப்பாவை மூடிக்கொண்டு போட்டை நோக்கி நடந்தான்.