மூன்றாவது பூமி பூஜை

சரவெடி படபடவென்று வெடித்ததும் திருமுல்லைவாயிலின் அந்தத் தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. அதே மழைநீர்க் கால்வாய்க்கு மூன்றாவது முறையாக பூமி பூஜை.

"இன்னாப்பா, பூமாதேவிக்கே சலிச்சுப் போயிருக்கும்," என்றார் இஸ்திரி வண்டி ஜானகிராமன். யாரும் சிரிக்கவில்லை. போன மழையில் எல்லார் வீட்டுக்குள்ளும் முழங்கால் அளவு சாக்கடைத் தண்ணீர்.

நிர்மல் கூட்டத்தில் வர்ஷாவைத் தேடினான். முதல் பூஜையன்று, பிரசாத வரிசையில்தான் அவள், "என்னைப் பிடிச்சிருக்கா?" என்று கேட்டாள். பிடித்துத்தான் இருந்தது. ஆனால் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் அவன் ஒப்பந்த ஊழியன். எந்த மாதமும் வேலை போகலாம். அதைச் சொல்ல வெட்கப்பட்டு, "கால்வாய் முடியட்டும், பதில் சொல்றேன்," என்று சிரித்தபடி நழுவினான். இரண்டாவது பூஜையிலும் அதே பதில். எந்தக் கவுன்சிலர் வந்தாலும் பணம்தான் கரையும், கால்வாய் முடியாது என்கிற தைரியம்.

வேலை போனால் போகட்டும், இன்று சொல்லிவிடலாம் என்றுதான் வந்திருந்தான்.

வர்ஷா பொங்கல் தொன்னையுடன் வந்தாள். அவள் வீட்டு வாசலில் சாமான் ஏற்றிய லாரி நின்றது.

"வீட்டை வித்துட்டோம். இன்னொரு மழையை அப்பா தாங்க மாட்டார். கோயம்புத்தூர் போறோம். மாப்பிள்ளையும் அங்கேயே பார்த்தாச்சு."

"வர்ஷா, என் பதில்..."

தொன்னையை அவன் கையில் வைத்தாள்.

"இந்தக் கால்வாய் முடியாதுன்னு எனக்கும் தெரியும், நிர்மல். நீ வருவேன்னுதான் ஒவ்வொரு பூஜைக்கும் வந்தேன்."